போட்டோ எடுத்தாச்சு, இடிக்கலாமா?

எங்கள் ஊர் வீட்டுத் திண்ணை இப்போது ஒரு ஆல்பத்துக்குள் இருக்கிறது.

நாலு வழிச் சாலை வந்தபோது வீட்டின் முன்பக்கம் பதினெட்டு அடி போனது. திண்ணை, ரேழி, தாத்தா சாய்வு நாற்காலி போட்டு பேப்பர் படிக்கும் இடம், வாசல் வேப்பமரம் எல்லாமே அந்தப் பதினெட்டு அடிக்குள் அடக்கம். நஷ்டஈடு ஒழுங்காக வந்தது. குறை சொன்னால் வாய் வெந்துவிடும். இடிக்க வருவதற்கு முதல் நாள் என் தம்பி ஒரு போட்டோகிராபரை அழைத்து வந்து மூலை முடுக்கு விடாமல் படம் எடுக்க வைத்தான். அவன் சிவில் இன்ஜினீயர். தூண் எத்தனை அடி, சுற்றளவு எவ்வளவு, நிலைப்படியின் அகலம் என்ன என்று டேப் பிடித்து அளந்து ஒரு நோட்டில் எழுதியும் வைத்தான்.

அம்மா மட்டும் காலையிலிருந்து சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள். தம்பி போய்ச் சமாதானம் சொன்னான். "அதான் எல்லாத்தையும் போட்டோ எடுத்தாச்சேம்மா. அளவெல்லாம் எழுதியாச்சு. எதுவும் எங்கேயும் போயிடலை. அப்புறம் எதுக்கு அழறே?"

அம்மா பதில் சொல்லவில்லை. எனக்கும் பதில் தெரியவில்லை. தம்பி சொன்னதில் எங்கே தப்பு என்று கண்டுபிடிக்க முடியாமல், ஆனால் எங்கேயோ தப்பு இருக்கிறது என்று மட்டும் தெரிந்து, முழித்துக்கொண்டு நின்றேன்.

இதே கேள்வியை ஒரு தேசமே கேட்டுக்கொண்டு முழித்த கதை ஒன்று உண்டு. அயர்லாந்துக் கதை. எனக்கு அது வந்து சேர்ந்தது என் அக்கா மகள் மூலமாக.

* * *

அக்கா மகள் அயர்லாந்தில் நர்ஸ். வேலை டப்ளின் நகரத்தில். வீடு நாவன் என்ற ஊரில். டப்ளினில் வீட்டு வாடகை கேட்டால் மயக்கம் வருமாம், அதனால் வெளியூரில் வீடு. தினம் காலையில் மகளைக் குழந்தைகள் காப்பகத்தில் விட்டுவிட்டு, எம்-3 என்கிற மோட்டார் பாதையில் ஏறி, டோல் கட்டி, ட்யூட்டிக்குப் போகிறாள்.

ஒருநாள் போனில் பேசும்போது சொன்னாள்: "மாமா, நான் தினம் போற ரோடு பெரிய சண்டைக்கு அப்புறம் போட்டதாம். எங்க வார்டுல இருக்கற ஒரு வயசான சிஸ்டர் இன்னிக்கும் அதுல ஏற மாட்டேங்கறாங்க. பழைய ரோட்லதான் சுத்திக்கிட்டு வராங்க. கேட்டா, 'டாரா மேல கார் ஓட்ட மாட்டேன்'னு சொல்றாங்க."

டாரா? யார் அது என்று தேடப் போனவன்தான். மாட்டிக்கொண்டேன்.

டாரா ஒரு ஆள் இல்லை. ஒரு குன்று. டப்ளினுக்கு வடமேற்கே சுமார் 40 கிலோமீட்டரில், மீத் என்ற மாவட்டத்தில் இருக்கிறது. பார்க்கப் போனால் ஏமாந்துதான் போவீர்கள். கோபுரம் கிடையாது, கோட்டை கிடையாது. புல். மறுபடியும் புல். அங்கங்கே வட்ட வட்டமாக மண் மேடும் பள்ளமும். நடுவில் ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஒரு கல் நட்டு வைத்திருக்கிறார்கள். ஆடு மேயும். அவ்வளவுதான்.

ஆனால், அந்த மேடுகளில் ஒன்றுக்கு வயது 5,000. பிணைக்கைதிகளின் மேடு என்று பெயர். உள்ளே கல்லால் கட்டிய கல்லறை. எகிப்தின் பெரிய பிரமிடைவிட மூத்தது. 1950-களில் தோண்டியபோது உள்ளே ஏராளமான பேருடைய சாம்பலும் எலும்பும் கிடைத்தன. வெண்கலக் காலத்துச் சிறுவன் ஒருவனை மணிமாலையோடு புதைத்திருந்தார்கள். பெற்றவர்கள் யாரோ, போட்டு அனுப்பிய மாலை.

அந்த நட்ட கல்லுக்கு 'லியா ஃபால்' என்று பெயர். விதியின் கல். சரியான ராஜா அதைத் தொட்டால் கல் கத்தும் என்பது கதை. மரபுப் பட்டியலின்படி 142 அரசர்கள் இங்கிருந்து ஆண்டார்கள். பட்டியலில் நிஜம் எவ்வளவு, கற்பனை எவ்வளவு என்பது வேறு விஷயம். ஐரிஷ்காரர்களுக்குத் தங்கள் தேசம் என்று ஒன்று இருக்கிறது என்ற நினைப்பு வரும்போதெல்லாம் கால்கள் தானாக டாராவை நோக்கி நடந்திருக்கின்றன. அது நிஜம். 1843 ஆகஸ்ட் 15-ம் தேதி (தேதியைக் கவனியுங்கள், நமக்கும் பழக்கமான தேதி) டேனியல் ஓ'கானல் பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிராக இங்கேதான் ஒரு பிரமாண்டக் கூட்டம் போட்டார். ஏழரை லட்சம் பேர் என்று அன்றைய பத்திரிகைக் கணக்கு. பாதியைத் தள்ளிவிட்டாலும் பெரிய கூட்டம்தான்.

இன்னொரு கூத்தும் நடந்தது. பைபிளில் வரும் உடன்படிக்கைப் பெட்டி டாராவில்தான் புதைந்திருக்கிறது என்று நம்பிய ஒரு கோஷ்டி, 1899-லிருந்து 1902 வரை மண்வெட்டியோடு குன்றைக் குதறியது. நிலம் தனியார் நிலம். சட்டப்படி தடுக்க வழி இல்லை. கவிஞர் டபிள்யூ.பி. யேட்ஸ், ஜார்ஜ் மூர், பிற்பாடு அயர்லாந்தின் முதல் ஜனாதிபதியான டக்ளஸ் ஹைட் மூவரும் சேர்ந்து லண்டன் டைம்ஸுக்குக் கண்டனக் கடிதம் எழுதினார்கள். ஊரே கொதித்தது. தோண்டல் நின்றது.

அன்றைக்குத் தோண்டியவர்கள் வெளியூர்ப் பைத்தியங்கள். திட்டுவதற்குச் சுலபமாக இருந்தது. நூறு வருஷம் கழித்துத் தோண்ட வந்தது சொந்த அரசாங்கம். கையில் ரோடு பிளான்.

* * *

1990-களின் கடைசியில் அயர்லாந்துக்கு யோகம் அடித்தது. வேலை, சம்பளம், கார். டப்ளினைச் சுற்றி இருக்கும் ஊர்கள் எல்லாம் படுத்துத் தூங்க மட்டும் வரும் ஊர்களாயின. நாவனிலிருந்து டப்ளினுக்கு இருந்த ஒற்றை ரோடு, என்-3, தினம் காலையில் பிதுங்கியது. இருட்டோடு எழுந்து, பிள்ளைகள் தூங்கும்போது கிளம்பி, தூங்கின பிறகு வீடு திரும்பும் அப்பாக்கள். இவர்களை மறந்துவிட்டு இந்தக் கதையைச் சொல்லக் கூடாது. நானே அவ்வப்போது மறந்துபோவேன். நினைவுபடுத்துங்கள்.

சுமார் 60 கிலோமீட்டருக்கு ஒரு மோட்டார் பாதை என்று முடிவாயிற்று. அது போகும் வழியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது டாரா குன்றுக்கும் எதிரே இருக்கும் ஸ்க்ரீன் குன்றுக்கும் நடுவில் உள்ள பள்ளத்தாக்கு. 2003 ஆகஸ்டில் திட்ட வாரியம் ஒப்புதல் கொடுத்தது. தொல்லியல்காரர்களும் சரித்திரப் பேராசிரியர்களும் எதிர்த்தார்கள். கோர்ட்டுக்குப் போனார்கள்.

இதற்கிடையில் டப்ளினின் இன்னொரு பக்கம், கேரிக்மைன்ஸ் என்ற இடத்தில் பழைய கோட்டை ஒன்றின் மிச்சங்கள் வழியாக இன்னொரு மோட்டார் பாதை போய், அதற்குக் கோர்ட் தடை போட்டிருந்தது. அரசாங்கம் யோசித்தது. சட்டம் குறுக்கே வந்தால் என்ன செய்வது? சட்டத்தைத் திருத்துவது. 2004-ல் தேசிய நினைவுச் சின்னங்கள் சட்டம் திருத்தப்பட்டது. தேசியச் சின்னம் என்றே வைத்துக்கொண்டாலும், பொது நலனுக்காக அதை அகற்றலாமா, வேண்டாமா என்று அமைச்சர் முடிவு செய்யலாம்.

2005-ல் நாவன் பக்கத்து வழித்தடத்தில் கண்டுபிடிக்கப்பட்ட 38 தொல்லியல் இடங்களைத் தோண்ட அனுமதி தரப்பட்டது. 2006-ல் உயர் நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. 2007 வசந்தத்தில் ரோடு வேலை ஆரம்பமாயிற்று.

ஆரம்பித்த கையோடு மண்ணுக்குள்ளிருந்து வந்தது லிஸ்மல்லின்.

* * *

குன்றிலிருந்து சில கிலோமீட்டருக்குள், ரோடு போகிற வழியில், நிலம் கிண்ணம் மாதிரி இயற்கையாகக் குழிந்த ஓர் இடம். அதில் வட்டமாக, வரிசை வரிசையாகச் சின்னச் சின்னக் குழிகளின் தடம். ஒரு காலத்தில் மரக் கம்பங்கள் நட்டிருந்த குழிகள். வட்டத்தின் விட்டம் சுமார் 80 மீட்டர். கிட்டத்தட்ட முக்கால் கால்பந்து மைதானம். நடுவில் இன்னொரு சிறிய வட்டம். உள்ளே போக ஒரு வழி. இரும்புக் காலத்தில், இன்றைக்கு 2,400 வருஷங்களுக்கு முன்னால், அங்கே கூடி ஏதோ சடங்கு செய்திருக்கிறார்கள். என்ன சடங்கு என்று சொல்ல ஆள் இல்லை. கம்பங்கள் மக்கிப் போய்விட்டன. மண்ணின் நிறத்தில் கறுப்புப் புள்ளியாகக் குழிகள் மட்டும் மிச்சம்.

வேலை நின்றது. தேசியச் சின்னம் என்று அறிவிப்பு வந்தது. அமெரிக்காவின் ஆர்க்கியாலஜி பத்திரிகை அந்த வருஷத்தின் முக்கியமான பத்துக் கண்டுபிடிப்புகளில் ஒன்றாக லிஸ்மல்லினைச் சேர்த்தது. 2007 ஜூனில், உலக நினைவுச் சின்னங்கள் நிதியம் ஆபத்தில் இருக்கும் 100 இடங்களின் பட்டியலில் டாராவைப் போட்டது. நோபல் பரிசு பெற்ற கவிஞர் ஷேமஸ் ஹீனி, வழக்கமாகச் சண்டைக்குப் போகாதவர், அவரும் பி.பி.சி.யில் வாய் திறந்து வருத்தப்பட்டார்.

அமைச்சர் டிக் ரோச், பதவியிலிருந்து இறங்கும் தறுவாயில் ஓர் உத்தரவில் கையெழுத்துப் போட்டார். லிஸ்மல்லின் 'பதிவின் மூலம் பாதுகாக்கப்படும்'. அதாவது, ஒவ்வொரு குழியையும் தோண்டி, அளந்து, வரைந்து, படம் எடுத்து, மண்ணை மாதிரிக்கு எடுத்து, எல்லாவற்றையும் அறிக்கையாக எழுதுவது. எழுதி முடித்ததும் அதன் மேல் ரோடு போடுவது.

அடுத்து சுற்றுச்சூழல் அமைச்சராக வந்தவர் ஜான் கார்ம்லி. பசுமைக் கட்சிக்காரர். எதிர்க்கட்சியில் இருந்தபோது இந்த வழித்தடத்தை எதிர்த்த கட்சி. எல்லோரும் ஆவலாகப் பார்த்தார்கள். முன்னவர் போட்ட உத்தரவை ரத்து செய்யத் தனக்கு அதிகாரம் இல்லை என்று சட்ட ஆலோசனை வந்திருப்பதாகச் சொல்லிவிட்டார்.

2010 ஜூன் 4-ம் தேதி எம்-3 திறக்கப்பட்டது.

பதிவின் மூலம் பாதுகாத்தல்! இந்த வார்த்தையைப் படித்தபோது நிமிர்ந்து உட்கார்ந்தேன். என் தம்பி சொன்னதேதான். எல்லாத்தையும் போட்டோ எடுத்தாச்சேம்மா.

* * *

அரசாங்கத்தின் பக்கத்தை நேர்மையாகச் சொல்லிப் பார்ப்போம். சும்மா உதறித் தள்ளுகிற வாதங்கள் இல்லை.

ஒன்று, ரோடு குன்றைத் தொடவே இல்லை. சொல்லப்போனால் பழைய என்-3 ரோடுதான் குன்றுக்குப் பக்கத்தில் போகிறது. புது ரோடு தள்ளிப் போகிறது. இரண்டு, ரோடு போட்டதால்தானே தோண்டினார்கள்? தோண்டியதால்தானே லிஸ்மல்லின் கிடைத்தது? ரோடு இல்லாவிட்டால் அது இன்னும் புல்லுக்கடியில், யாருக்கும் தெரியாமல் கிடந்திருக்கும். தெரியாத ஒன்றை எப்படி இழக்க முடியும்? மூன்று, மரம் மக்கி வெறும் குழிதானே மிச்சம். குழியைக் கண்ணாடிப் பெட்டியில் வைக்க முடியுமா? தகவல்தான் பொக்கிஷம். அது பத்திரமாக இருக்கிறது. நான்கு, தினமும் ரெண்டு மூணு மணி நேரம் ரோட்டில் செத்துக்கொண்டிருக்கும் உயிருள்ள மனிதனைவிட, 2,400 வருஷத்துக்கு முன்னால் செத்தவன் நட்ட கம்பத்தின் குழி பெரிதா?

நான்காவதுதான் என்னை அதிகம் குத்தியது. நம் பக்கத்தில் நாலு வழிச் சாலை வருவதற்கு முன்னால் சென்னையிலிருந்து எங்கள் ஊருக்கு எட்டு மணி நேரம். இப்போது ஐந்தரை. அம்மாவுக்கு நெஞ்சு வலி என்று போன் வந்த ராத்திரி, நான் அந்த ரோட்டில்தான் போய்ச் சேர்ந்தேன். திண்ணை இருந்த இடத்தின் மேலே கார் ஏறித்தான் வீட்டு வாசலில் நின்றது. அன்றைக்கு நான் திண்ணையை நினைக்கவில்லை. ரோட்டுக்கு நன்றிதான் சொன்னேன்.

ஆகவே, ரோடே கூடாது, எல்லாம் அப்படியே இருக்க வேண்டும் என்று ஏ.சி. ரூமில் உட்கார்ந்து எழுத எனக்கு யோக்கியதை இல்லை. உங்களுக்கும் இருக்காது என்று நினைக்கிறேன்.

இருந்தாலும் அந்த வாதங்களில் ஓட்டை இருக்கிறது.

* * *

முதல் வாதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 'குன்றைத் தொடவில்லை.' ஓர் இடம் எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது?

குன்றின் மேல் வேலி போட்டு, இதுதான் டாரா என்று அரசாங்கம் சொன்னது. எதிர்த்தவர்கள் சொன்னது வேறு. ராஜாக்கள் கூடிய குன்று தனியாக ஆகாயத்தில் தொங்கவில்லை. எதிர்க் குன்றில் காவல், நடுப் பள்ளத்தாக்கில் வீடு, வயல், சடங்கு மேடை, ஓடை, புதைகுழி. எல்லாம் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்கிற இடங்கள். லிஸ்மல்லினே அதற்கு சாட்சி. வழியைத் தேர்ந்தெடுத்தபோது அங்கே அப்படி ஒன்று இருப்பது தெரியாது. மண்ணைச் சுரண்டியதும் எதிர்த்தவர்கள் சொன்னதே கிடைத்தது.

கோலத்தில் புள்ளிகளை மட்டும் எண்ணி, 'புள்ளி எதையும் அழிக்கவில்லை, நடுவில் இருந்த வெற்றுத் தரையில்தான் நடந்தோம்' என்று சொன்னால், வாசலில் நிற்கும் பெண்மணி ஒப்புக்கொள்வாரா?

இரண்டாவது வாதம், தெரியாததை எப்படி இழக்க முடியும் என்பது. நான் பி.காம். படித்தவன். எனக்குத் தெரிந்த தத்துவம் எல்லாம் டெபிட், கிரெடிட்தான். அதில் ஒரு விஷயம் உண்டு. தாத்தா லாக்கரில் என்ன வைத்திருக்கிறார் என்று பேரனுக்குத் தெரியாது. தெரியாது என்பதால் லாக்கர் காலி என்று ஆகிவிடாது. அதுவும் மண் என்கிற லாக்கரை ஒரே ஒரு தடவைதான் திறக்கலாம். இன்றைய கருவிகளைக் கொண்டு, இன்றைய கேள்விகளைக் கேட்டு, ரோடு காண்டிராக்டரின் கெடுவுக்குள் திறந்தோம். நூறு வருஷம் கழித்து வருகிறவன் கேட்கப்போகிற கேள்வி நமக்குத் தெரியாது. 1902-ல் குதறியவர்களுக்குக் கார்பன் பரிசோதனை என்று ஒன்று வரப்போவது தெரியுமா என்ன? அறிக்கை எவ்வளவு தடிமனாக இருந்தாலும், நாம் கேட்ட கேள்விகளுக்கான பதில்தான் அதில் இருக்கும்.

மூன்றாவது, தகவல்தான் பொக்கிஷம் என்பது. இங்கேதான் அம்மா சொல்லாத பதில் இருக்கிறது என்று இப்போது நினைக்கிறேன். தம்பியின் நோட்டில் தூணின் சுற்றளவு சரியாக இருக்கிறது. ஆனால், அந்தத் தூணில் சாய்ந்துகொள்ள முடியாது. இடம் என்பது தகவல் மட்டுமாக இருந்தால், திருப்பதி போகிற அத்தனை பேரையும் கூப்பிட்டு ஒரு படத்தைக் கொடுத்து அனுப்பிவிடலாமே. எதற்காகப் போய் நிற்கிறார்கள்? இங்கேதான் அவர்கள் நின்றார்கள், இங்கேதான் நானும் நிற்கிறேன் என்பதற்காக. அந்த 'இங்கே'யைப் போட்டோ எடுக்கிற கேமரா இன்னும் வரவில்லை.

நான்காவது வாதம், உயிருள்ளவனா செத்தவனா. இது கேள்வியை வைத்த விதத்திலேயே ஜெயித்துவிடுகிற வாதம். ஏனென்றால், மூன்றாவது ஆள் ஒருவன் இருக்கிறான். இனிமேல் பிறக்கப்போகிறவன். காமர்ஸில் எங்களுக்கு ஒரு கணக்கு சொல்லிக்கொடுத்தார்கள். வருங்காலத்தில் வரப்போகிற பணத்துக்கு இன்றைய மதிப்பு என்ன? 50 வருஷம் கழித்து வரப்போகிற 100 ரூபாய்க்கு, வருஷத்துக்கு 10 சதவீதம் கழித்துப் பார்த்தால், இன்றைய மதிப்பு 85 பைசா! 500 வருஷம் கழித்து என்றால் பைசாவே தேறாது. அந்தக் கணக்குப்படி, இனி பிறக்கப்போகிறவனுக்கு நாம் எதையுமே மிச்சம் வைக்க வேண்டியதில்லை. கணக்கு சரி. விடை பயங்கரமாக இருக்கிறது. அப்படியானால் அந்தக் கணக்கைப் போட வேண்டிய இடம் இது இல்லை என்று அர்த்தம்.

நாவன்காரரின் ரெண்டு மணி நேரம் நிஜமான நஷ்டம். ஆனால் அதை ஈடு செய்ய வேறு வழிகள் இருந்தன. வேறு தடங்கள் வரைபடத்தில் இருந்தன. நாவனுக்கு ஒரு காலத்தில் ரயில் ஓடியது, அதை மறுபடி போடுங்கள் என்று கெஞ்சினார்கள். 2010 செப்டம்பரில் ரயில் வந்தது, பாதி தூரம் வரை. அந்த ஸ்டேஷனின் பெயர் எம்-3 பார்க்வே. காரை நிறுத்திவிட்டு ரயில் ஏறலாம். நாவனுக்கு இன்னும் ரயில் வந்து சேரவில்லை.

ஒரு பக்கம், வேறு விதமாகச் சரி செய்யக்கூடிய நஷ்டம். இன்னொரு பக்கம், என்ன செய்தாலும் திரும்பி வராத நஷ்டம். இரண்டையும் ஒரே தராசில் வைக்கும்போது, திரும்பி வராததை அழிக்க நினைக்கிறவர்தான் 'வேறு வழியே இல்லை' என்று நிரூபிக்க வேண்டும். டாராவில் நடந்தது தலைகீழ். காப்பாற்ற நினைத்தவர்கள் நிரூபிக்க வேண்டியிருந்தது. அவர்கள் நிரூபித்துவிடுவார்களோ என்ற நேரத்தில் சட்டம் மாறியிருந்தது.

* * *

பணக் கணக்கையாவது ஒழுங்காகப் போட்டார்களா? எம்-3 ஒரு தனியார் கூட்டு முயற்சி. இரண்டு டோல் கேட். ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்து: எதிர்பார்த்த அளவுக்கு வண்டிகள் ஓடாவிட்டால், குறைந்த வண்டிகளுக்கான பணத்தை அரசாங்கம் கம்பெனிக்குக் கொடுக்கும். ரோடு திறந்த 2010-ல் அயர்லாந்து பொருளாதாரம் குப்புறக் கிடந்தது. அந்த வருஷக் கடைசியில் ஐரோப்பிய யூனியனிடமும் ஐ.எம்.எஃப்.பிடமும் கையேந்தியது. வேலை இல்லாதவன் எதற்கு டப்ளின் போவான்? வண்டிகள் குறைந்தன. ஆரம்ப வருஷங்களில், ஓடாத வண்டிகளுக்காக ஜனங்களின் வரிப்பணம் லட்சக்கணக்கான யூரோக்களாகப் போனது.

ஆக, கம்பெனியின் வருமானத்துக்கு உத்தரவாதம் இருந்தது. குன்றுக்கும் பள்ளத்தாக்குக்கும் அப்படி ஒரு ஷரத்தை எழுத யாருக்கும் தோன்றவில்லை.

பக்கத்து இங்கிலாந்தில் இன்னொரு வேடிக்கை. ஸ்டோன்ஹெஞ்ச் கற்களிலிருந்து சுமார் 165 மீட்டரில் ஏ-303 என்ற ரோடு போகிறது. எந்நேரமும் நெரிசல். ரோட்டைப் பூமிக்கடியில் சுரங்கமாகக் கொண்டுபோகலாம் என்று பிளான் போட்டார்கள். சுமார் மூன்றேகால் கிலோமீட்டர் சுரங்கம். கற்களை நிர்வகிக்கிற அமைப்பே ஆதரித்தது, கண்ணை உறுத்தும் ரோடு மறையுமே என்று. யுனெஸ்கோ எதிர்த்தது, சுரங்கத்தின் வாய் பாரம்பரிய நிலத்துக்குள்ளேயே வருகிறதே என்று. இரண்டு பக்கமும் நல்லவர்கள். 2020-ல் அனுமதி, 2021-ல் கோர்ட் ரத்து, 2023-ல் மறுபடி அனுமதி. 2024 ஜூலையில் நம் டெல்லியில் கூடிய உலகப் பாரம்பரியக் குழு, ஸ்டோன்ஹெஞ்சை ஆபத்துப் பட்டியலில் சேர்க்கலாமா என்று விவாதித்து, வேண்டாம் என்று விட்டது. சில நாள் கழித்து, ஜூலை 29 அன்று, புதிதாக வந்த நிதி அமைச்சர் ரேச்சல் ரீவ்ஸ் திட்டத்தையே கைவிட்டார். காரணம் பாரம்பரியம் இல்லை. கஜானாவில் காசு இல்லை.

சந்தோஷப்படுவதா? எனக்குப் படவில்லை. காசு இருந்ததால் டாராவில் ரோடு வந்தது. காசு இல்லாததால் ஸ்டோன்ஹெஞ்சில் நின்றது. அந்த மண்ணுக்கு நாம் என்ன கடமைப்பட்டிருக்கிறோம் என்ற கேள்விக்கு இரண்டு இடத்திலும் பதில் சொல்லப்படவில்லை. காசு திரும்பி வந்தால் கேள்வியும் திரும்பி வரும்.

* * *

பி.காம். இரண்டாம் வருஷத்தில் எங்கள் அக்கவுண்டன்ஸி ஆசிரியர் தேய்மானம் பற்றி நடத்தியது ஞாபகம் இருக்கிறது. கட்டடத்துக்குத் தேய்மானம் உண்டு. மெஷினுக்கு உண்டு. நாற்காலிக்கு உண்டு. நிலத்துக்கு மட்டும் கிடையாது. "ஏன் சார்?" என்று ஒருவன் கேட்டான். "நிலம் தேயாதுடா. நீதான் தேய்வே" என்றார். வகுப்பே சிரித்தது.

இன்னொன்றும் சொன்னார். ஒரு சொத்து போய்விட்டால், போய்விட்டது என்று எழுது. நஷ்டக் கணக்கில் வை. போன சொத்தை இருக்கிற மாதிரி புத்தகத்தில் காட்டாதே. அதற்குப் பெயர் கணக்கு இல்லை, மோசடி.

டாரா விஷயத்தில் என்னை உறுத்துவது கடைசியில் இதுதான். ஒரு சமூகம் சில சமயம் இழந்துதான் ஆக வேண்டும். ஆஸ்பத்திரி, ரயில், தண்ணீர், ரோடு என்று ஏதோ ஒன்றுக்காக. அப்போது, 'எங்களுக்கு இது வேண்டும், அதற்காக அதை அழிக்கிறோம், தெரிந்தேதான் அழிக்கிறோம்' என்று சொல்லிவிட்டுச் செய்தால் அதில் ஒரு நேர்மை இருக்கிறது. அப்படிச் சொல்ல வேண்டியிருந்தால் கை கொஞ்சம் நடுங்கும். நடுங்கும் கை இன்னொரு தடவை வரைபடத்தைப் பார்க்கும். 'பாதுகாத்துவிட்டோம்' என்று எழுதிவிட்டுப் புல்டோசரை அனுப்பினால் கை நடுங்காது. அடுத்ததை இன்னும் சுலபமாகச் செய்யும்.

* * *

போன மாதம் அக்கா மகள் போன் செய்தாள். லீவு நாளில் குழந்தையை டாராவுக்கு அழைத்துப் போயிருக்கிறாள். எம்-3 வழியாகத்தான். கால் மணி நேரம்கூட ஆகவில்லையாம்.

"பாப்பா அந்தக் கல்லைத் தொட்டுட்டு, 'கத்தவே இல்லையே'ன்னு ஒரே அழுகை, மாமா. அப்புறம் காதை வெச்சுக் கேட்டா. 'சத்தம் வருதும்மா'ன்னா. நானும் கேட்டேன். கீழே ரோட்ல லாரி போற சத்தம்."

கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பேசவில்லை. பிறகு அவளே சொன்னாள்: "ஆனா அந்த ரோடு இல்லேன்னா நான் பாப்பாவை முழிச்சிருக்கும்போது பார்க்கவே முடியாது, மாமா. அதையும் எழுதுங்க."

எழுதிவிட்டேன்.

அன்று ராத்திரி பழைய ஆல்பத்தை எடுத்துப் பார்த்தேன். திண்ணைப் படத்தின் கீழே தம்பி அழகான கையெழுத்தில் 'எங்கள் வீட்டுத் திண்ணை' என்று எழுதியிருந்தான். பேனாவை எடுத்து, பக்கத்தில் தேதி போட்டு, 'இடிக்கப்பட்டது' என்று சேர்த்தேன்.

மறுநாள் அம்மா பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பக்கத்தை மட்டும் கொஞ்ச நேரம் மூடாமல் வைத்திருந்தாள்.